பதினேழாம் எண் தக்காளி

நான் ஓய்வுபெற்று ஒன்றரை வருடமாகிறது. போன மாதம் இரண்டு பூச்செடி வாங்கலாம் என்று பழைய வேலைத்தளத்துக்குப் போனேன். லண்டனின் வடகிழக்கு ஓரத்தில், பெருந்தெருவிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் நாற்றுப்பண்ணை அது. வாசலில் புதிதாக ஒரு தொடுதிரை நிறுத்தியிருக்கிறார்கள். வீட்டின் தபால் குறியீட்டை அடித்து, தோட்டம் எந்தத் திசை பார்த்தது என்று சொன்னால், 'உங்களுக்கு ஏற்ற, சீக்கிரம் பழுக்கும் தக்காளி' என்று பன்னிரண்டு படங்களை வரிசையாகக் காட்டுகிறது.

இப்போது தக்காளிக் கூடத்தைப் பொறுப்பாகப் பார்க்கிறவர் கிருத்திகா. கோயம்புத்தூரில் விவசாயம் படித்துவிட்டு வந்தவர், கெட்டிக்காரி. என்னைக் கண்டதும் ஓடி வந்தார்.

"எப்படி இருக்கு மேடம் நம்ம மெஷின்?"

"வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் பன்னிரண்டைக் காட்டிப்போட்டு எது எண்டு சொல்லேல்லையே."

அவர் சிரித்தார். "அதைத்தான் நானும் கேக்கறேன். நீங்க எப்படி ஒண்ணைப் பிடிச்சு, இதுதான்னு சொன்னீங்க? எழுதிக் குடுங்களேன். நாங்க அஞ்சு பேரும் படிக்கிறோம்."

கேட்டுவிட்டார். அடக்கமாக எழுத எனக்கு வராது, எழுதவும் போவதில்லை. இருபத்தாறு வருடம் அந்தக் கூடத்தில் நின்றவள் நான். கிழக்கு லண்டனில் ஆடி மாதம் கொல்லைப்புறத்தில் சிவப்புத் தக்காளி பறிக்கிற தமிழ் வீடுகளில் பாதிக்கு மேல் என் கை பட்ட இனம்தான் நிற்கிறது. வேண்டுமானால் பிளேஸ்டோவில் எந்த வேலிக்கு மேலாலும் எட்டிப் பார்க்கலாம்.

நான் இந்த வேலைக்கு வந்தது தற்செயலாகத்தான். அகதியாக வந்து, விசா கிடைத்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, பகல் வேலை ஒன்று தேடினேன். பண்ணையில் சட்டி கழுவ ஆள் கேட்டிருந்தார்கள். முதல் வருடம் சட்டி கழுவினேன், இரண்டாம் வருடம் மண் கலந்தேன், மூன்றாம் வருடம் நாற்றுப் பிரித்து நட்டேன். செடியைத் தண்டில் பிடிக்காதே, இலையில் பிடி, இலை போனால் வேறு வரும், தண்டு போனால் போனதுதான் என்பது அந்த வருடத்தில் படித்தது. நாலாம் வருடம் மார்கரெட் என்னைத் தக்காளிக் கூடத்துக்குக் கூப்பிட்டார்.

மார்கரெட்தான் அங்கே தலைமை. உயர்ந்து மெலிந்த ஆங்கிலேயப் பெண்மணி. கொண்டையில் எந்நேரமும் ஒரு பென்சில் குத்தியிருக்கும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சாதாரணமாக என்னை 'மலர்' என்பார். கோபம் வந்தால் அதே குரலில் 'மிஸிஸ் நாதன்' என்பார். அந்த மிஸிஸைக் கேட்டால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன். நாம் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து வருகிற கேள்வி ஒன்றுதான்: "உனக்கு எப்படித் தெரியும்?" இந்த இனம் நல்லது என்றால், எப்படித் தெரியும். மண் காய்ந்துவிட்டது என்றால், எப்படித் தெரியும். இன்றைக்குக் குளிர் என்றால்கூட வெப்பமானியைப் பார்த்தாயா என்று கேட்பார். ஆரம்பத்தில் இந்த மனுசிக்கு என்னில் ஏதோ கடுப்பு என்றுதான் நினைத்தேன். எல்லோரையும் அப்படித்தான் கேட்கிறார் என்று பிறகு தெரிந்தது.

இனி, கிருத்திகா கேட்ட விசயத்துக்கு வருகிறேன்.

மாசி மாதம் விதைக் கம்பெனிகளிலிருந்து பொட்டலங்கள் வரும். எல்லாவற்றிலும் 'மிகவும் சீக்கிரம் பழுப்பது' என்று அச்சடித்திருக்கும். பிந்திப் பழுக்கும் என்று எந்தக் கம்பெனிதான் போடும்? மார்கரெட் பொட்டலத்தின் பெயரைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுப்பார். பெயர் தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாயும் என்பது அவர் எண்ணம். ஓர் எண்ணுக்குப் பத்துச் செடி. நாலு கண்ணாடிக் கூடத்துக்குள், மூன்று வெளியே தெற்குப் பார்த்த செங்கல் சுவரோடு, மூன்று காற்றடிக்கிற வெட்டவெளிப் பாத்தியில். நாங்கள் தீர்ப்புச் சொல்வது அந்தக் கடைசி மூன்றை வைத்துத்தான். லண்டனில் எத்தனை வீட்டில் கண்ணாடிக் கூடம் இருக்கிறது? ஒரு மரவேலியும் பக்கத்து வீட்டு நிழலும்தான் இருக்கிறது.

முதல் பூங்கொத்துக்குக் கீழே எத்தனை இலை என்று எண்ண வேண்டும். ஆறு ஏழு இலையோடு பூத்தால் அது உண்மையில் முந்துகிற இனம். பத்துப் பன்னிரண்டு இலை விட்ட பிறகு பூக்கிறது, பொட்டலத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரிவராது. பிறகு முதல் பூ விரிந்த நாள், காய் பட்டாணி அளவு வந்த நாள், முதல் பழம் சிவந்த நாள். எல்லாம் வெளியே நட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். பொட்டலத்தில் ஐம்பத்தைந்து நாள் என்று இருப்பதும் அப்படித்தான். இதை விதைத்த நாளிலிருந்து எண்ணிவிட்டு, ஆனி மாதம் முழுக்க எங்களுக்குப் போன் எடுத்துச் சண்டை பிடிக்கிறவர்கள் எத்தனை பேர்!

கடைசியாக 'சாலட் நாள்' என்று ஒன்று. அது மார்கரெட்டின் சொந்தக் கண்டுபிடிப்பு. ஒரு செடியில் ஒரே தடவையில் இரண்டு பேருக்குச் சாலட் வெட்டப் போதுமான பழம் எந்த நாளில் கிடைக்கிறதோ, அதுதான் அந்த இனம் பழுத்த நாள். ஒற்றைப் பழம் கணக்கில் இல்லை.

ஏன் இல்லை என்பதை நான் பட்டுத்தான் படித்தேன். தக்காளிக் கூடத்தில் என் முதல் ஆடி மாதம், நாலாம் எண்ணில் ஒரு பழம் சிவந்திருந்தது. மற்ற எல்லாம் பச்சை. மார்கரெட்டிடம் ஓடினேன். "நாலாம் எண் வென்றுவிட்டது!"

"எப்படித் தெரியும்?"

"சிவந்திருக்கிறது, பாருங்கள்."

அவர் வந்து, பழத்தைப் பறித்து, தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் கறுத்துக் குழி விழுந்திருந்தது. ஒரு நாள் வெள்ளமாகவும் மறுநாள் காயவும் விட்டால் தக்காளிக்கு அந்த அடியழுகல் வரும். நோய் வந்த பழம் மற்றதை விட முந்திச் சிவக்கும்.

"இந்தப் பாத்திக்கு யார் தண்ணீர் விடுவது?"

"நான்தான்."

"அப்படியென்றால் நாலாம் எண்ணைப் பற்றி இந்த வருடம் நமக்கு ஒன்றும் தெரியாது, மிஸிஸ் நாதன்." கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, நாலாம் எண்ணின் பக்கம் முழுவதையும் குறுக்கே கீறினார். அதற்குப் பிறகு நான் தண்ணீர் விட்ட எந்தச் செடியிலும் அடி கறுத்ததில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

எங்கள் இருவருக்கும் சரிவராத விசயம் ஒன்று இருந்தது. அது ருசி. பழுத்த பழத்தை வெட்டி, எல்லோரும் ஒவ்வொரு துண்டு தின்று, அட்டையில் ஐந்துக்கு இத்தனை என்று புள்ளி போட வேண்டும். அங்கே இனிப்புக்குத்தான் புள்ளி. பதினேழாம் எண் என்று ஓர் இனம் மூன்று வருடம் தொடர்ந்து பரீட்சையில் நின்றது. இடுப்பளவு செடி, முட்டையை விடச் சிறிய பழம், கொஞ்சம் தடித்த தோல். வெட்டவெளிப் பாத்தியில் மூன்று வருடமும் முதலாவது அதுதான். குளிரான ஆனியிலும் பூ உதிர்க்காமல் காய் பிடித்தது. ஆனால் நல்ல புளி. மார்கரெட் ஒரு துண்டை வாயில் வைத்து முகத்தைச் சுளித்து ஒரு புள்ளி போட்டார். நான் ஐந்து போட்டேன்.

"உன் நாக்கில் என்ன பிரச்சினை?" என்று கேட்டார்.

"ரசத்துக்கும் தேங்காய்ப்பால் சொதிக்கும் இதுதான் வேண்டும். இனிப்புத் தக்காளியைப் போட்டால் பாயசம் மாதிரி இருக்கும்."

"எங்கள் வாடிக்கையாளர்கள் பச்சையாகச் சாப்பிடுகிறவர்கள்," என்று சொல்லி, மூன்றாம் வருட முடிவில் பதினேழை நீக்கிவிட்டார். மிஞ்சிய இரண்டு விதைப் பொட்டலங்களைக் குப்பையில் போடச் சொன்னார். நான் அவற்றை விதைக் குளிர்பெட்டியின் அடித்தட்டில், வெண்டி விதைக்குக் கீழே வைத்தேன். சொன்னதைக் கேட்கவில்லைதான். மனம் வரவில்லை.

இனி அந்த வருடத்தைச் சொல்ல வேண்டும். என் வேலைக் காலத்தில் நான் வெட்கப்பட்டதும் அந்த வருடம்தான், அதிகம் பெருமைப்படுவதும் அந்த வருடம்தான்.

அப்போது எங்கள் ஆட்கள் பண்ணைக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். பிளேஸ்டோவிலிருந்து மட்டுமல்ல, ஆறு தாண்டி ஸ்ட்ரெதமிலிருந்தும் வந்தார்கள். தமிழில் விளக்கம் சொல்ல ஓர் ஆள் நிற்கிறாள் என்பது பரவிவிட்டது. எனக்கும் கொஞ்சம் தலை வீங்கிவிட்டது. சித்திரை வருசப் பிறப்புக்குக் கைவிசேடமாகப் பெரியவர்கள் சிறியவர்களுக்குக் காசு கொடுப்பார்கள் அல்லவா? அதோடு ஒரு தக்காளிக் கன்றும் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஏப்ரல் பதினாலுக்குக் கன்று தயாராக வேண்டுமென்றால், வழமையை விட ஒன்றரை மாதம் முந்தி விதைக்க வேண்டும். மார்கரெட்டிடம் கேட்டேன்.

"ஏப்ரல் நடுவில் யார் தக்காளியை வெளியே நடுவார்கள்?"

"நட மாட்டார்கள். மே கடைசி வரை ஜன்னலோரம் வைத்திருப்பார்கள். நான் சொல்லிக் கொடுப்பேன்."

"எப்படித் தெரியும்?"

"என் ஆட்களை எனக்குத் தெரியும்," என்றேன்.

அறுபத்திரண்டு வீடுகள் வாங்கின. பண்ணையில் எல்லோரும் விரும்பும் இனிப்பு இனம், வீட்டுக்கு மூன்று கன்று. ஒவ்வொரு சட்டியிலும் 'மே மாதக் கடைசி வரை வெளியே நட வேண்டாம்' என்று தமிழில் எழுதி ஒட்டினேன். என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

வருசப் பிறப்பன்று நல்ல வெயில். பூசை முடிந்து, கைவிசேடம் கொடுத்து, கையில் செடியும் இருக்கும்போது, சுபநேரத்தில் அதை மண்ணில் வைக்காமல் யார் ஜன்னலில் வைப்பார்கள்? எல்லோரும் நட்டார்கள். அதைவிடக் கேவலம், நானும் நட்டேன். பத்து வருடத்துக்கு மேலாகத் தக்காளிக் கூடத்தில் நின்றவள், அந்த எழுத்தை எழுதி ஒட்டியவள், பட்டுச்சேலையோடு குந்தியிருந்து பஞ்சாங்க நேரம் பார்த்து இரண்டு கன்று நட்டேன். இந்த முறை குளிர் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு காலை எழுந்து பார்த்தால், கொட்டில் கூரை உறைபனியில் வெள்ளையாகக் கிடந்தது. என் இரண்டு கன்றும் கொதிநீரில் போட்ட கீரை மாதிரிக் கறுத்துத் தொங்கின. ஏழு மணிக்குத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. முதல் ஆள் பவளக்கா.

பவளக்கா எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர். வாய் கொஞ்சம் பெரிது, மனம் அதைவிடப் பெரிது. அன்று அவர் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மலர், எல்லாம் பட்டுப்போச்சு பிள்ளை. மருமகளின்ரை கையிலை குடுத்து வைச்ச கண்டும் பட்டுப்போச்சு."

"அக்கா, அது பனி…"

"எனக்கும் தெரியும் பனி எண்டு. வருசத்தண்டு அவளின்ரை கையாலை வைச்சது. அவளுக்கு இப்ப அஞ்சு மாசம். உனக்குத் தெரியும்தானே, முந்தி ரெண்டுதரம்…" போனை வைத்துவிட்டார்.

எனக்குத் தெரியும். அவர் மருமகள் சங்கீதாவுக்கு இரண்டு தடவை கரு கலைந்து, மூன்றாவதாக இது தங்கியிருந்தது. தக்காளிக் கன்றுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்கும் தெரியும், பவளக்காவுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது? அந்த வீட்டுக்குள் ஒரு பயம் வந்துவிட்டது. அதைச் சட்டியில் வைத்துக் கொடுத்தவள் நான்.

வேலைக்குப் போகிற வழியில் அங்கே போனேன். பவளக்கா கதவைத் திறந்துவிட்டு, குசினியில் அடுப்பைப் பார்க்கத் திரும்பிப் போனார். சங்கீதா இங்கே பிறந்த பிள்ளை, வங்கியில் வேலை. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"மாமி இஸ் பீயிங் சில்லி, அன்ரி. இட்ஸ் ஜஸ்ட் அ பிளான்ட்."

நான் வெளியே வரும்போது வாசல் வரைக்கும் வந்தாள். குரலைத் தாழ்த்தி, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்: "அன்ரி, வேறை ஒண்டு வைச்சால், பேபி வர முதல் பழம் வருமா? ஓகஸ்ட் நடுவிலைதான் டேட்."

"வரும்," என்றேன். சொல்லிவிட்டுப் பஸ் ஏறிய பிறகுதான் மார்கரெட்டின் கேள்வி எனக்குள்ளே கேட்டது.

பண்ணைக்குப் போய் நேரே அவர் முன்னால் நின்றேன்.

"இருநூறு கன்றுக்குக் கிட்ட, மார்கரெட். ஒன்றும் மிஞ்சவில்லை."

"எச்சரிக்கை எழுதி ஒட்டினாய். நான் பார்த்தேன். பிழை அவர்களுடையது."

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். "நானும் நட்டேன்," என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினார். "நீயா? ஏன்?"

"நல்ல நேரம் என்பதால்."

மிஸிஸ் நாதன் வரப்போகிறது என்று காத்து நின்றேன். வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என் அப்பா பெரிய வெள்ளியன்றுதான் உருளைக்கிழங்கு நடுவார்," என்றார். "பனி கொட்டினாலும் நடுவார். அம்மா ஜன்னலில் நின்று திட்டுவாள்." பிறகு கண்ணாடியை மாட்டினார். "சரி. இப்போது என்ன செய்வதாக எண்ணம்?"

சங்கீதாவின் திகதியைச் சொன்னேன். ஓகஸ்ட் நடுப்பகுதிக்கு முன் பழம் வேண்டும் என்றேன். இருவரும் மேசையில் பதிவேடுகளை விரித்தோம். இன்றே விதைத்து, அடியில் சூடு கொடுத்தால், ஐந்து கிழமையில், முப்பத்தைந்து நாளில், நடக்கூடிய கன்று. அப்போது ஜூன் தொடங்கிவிடும், இரவுக் குளிர் போய்விடும். மிஞ்சுவது அறுபத்தைந்து, எழுபது நாள். அதற்குள் வெட்டவெளியில், பக்கத்து வீட்டு நிழலில் பழுக்க வேண்டும்.

மார்கரெட் ஒன்பதாம் எண்ணில் விரலை வைத்தார். அது இனிப்பு, அறுபத்தாறு நாள். "இதுவே போதும். ருசியும் உண்டு."

"அது சுவரோரத்துக் கணக்கு. வெட்டவெளியில் எழுபத்திரண்டு. குளிரான வருடம் முதல் பூங்கொத்து உதிர்ந்தது. இங்கே பாருங்கள், நீங்களே எழுதியது." பக்கத்தைத் திருப்பினேன். "பதினேழு. வெட்டவெளியில் மூன்று வருடம், ஐம்பத்தெட்டு, அறுபது, ஐம்பத்தேழு. எல்லாம் சாலட் நாள். ஒரு வருடமும் பூ உதிரவில்லை."

"பதினேழை நான் நீக்கிவிட்டேன். விதையும் இல்லை."

"இருக்கிறது," என்றேன். குளிர்பெட்டியைத் திறந்து வெண்டி விதைக்குக் கீழே இருந்து எடுத்து வைத்தேன்.

இரண்டு பொட்டலத்தையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மிஸிஸ் நாதன்," என்றார். பிறகு, "மேசை நாலைச் சுத்தம் செய். சூட்டை இருபத்தைந்தில் வை," என்றார்.

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. அதைத்தான் கிருத்திகாவுக்கும் மற்ற நாலு பேருக்கும் சொல்ல விரும்புகிறேன். சீக்கிரம் பழுக்கிற இனத்தை வாங்குகிறவர்கள் எல்லோரும் அதைச் சீக்கிரம் நடுவதற்கென்று வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது பிந்தி நடுவதற்கான இனம். குளிர் போகும்வரை பொறுத்திருந்து நட்டாலும் மழைக்கால நோய் வருமுன் பறித்துவிடலாம் என்பதுதான் அதன் வல்லமை. அதைத் தேர்ந்தெடுக்கும்போது, எவ்வளவு முந்தலாம் என்று பார்க்கக் கூடாது, எவ்வளவு பொறுக்கலாம் என்று பார்க்க வேண்டும்.

முளைத்தது இருநூற்றுப் பத்து. ஜூன் முதல் கிழமை, வேலை முடிந்த பிறகு, வீடு வீடாக நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சிலர் நன்றாகப் பேசினார்கள். ஒருவர் கதவே திறக்கவில்லை. ஸ்ட்ரெதமில் ஒரு அண்ணை, "இனியும் உங்கடை கண்டோ? வேண்டாம் தங்கச்சி," என்று கையெடுத்துக் கும்பிட்டார். வாசலில் வைத்துவிட்டு வந்தேன். பவளக்கா வீட்டில் சங்கீதா நடவில்லை, நான்தான் நட்டேன். பவளக்கா ஜன்னலுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அது செவ்வாய்க்கிழமை, ராகுகாலம் வேறு. தெரிந்துதான் நட்டேன். எனக்கு அப்போது அவ்வளவு கோபம், யார் மீதென்று தெரியாது.

ஜூன் குளிராகத்தான் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்ப் பார்த்தேன். ஏழாம் இலைக்கு மேலே பூத்தது. பூ ஒன்றும் விழவில்லை. ஜூலை நடுவில் காய் நிறைந்து தொங்கியது, ஆனால் பச்சை. சங்கீதாவின் வயிறும் இறங்கத் தொடங்கியது. ஒரு நாள் அவள் மெல்ல, "ஸ்டில் கிரீன், அன்ரி," என்றாள். அன்று வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. நாற்பத்தாறாம் நாள்தானே, இன்னும் இருக்கிறது என்று என் கணவர் எண்ணிக் காட்டினார். எண்ணுவது எனக்குத் தெரியாதா என்று அவர் மேல் பாய்ந்தேன்.

ஓகஸ்ட் தொடங்கி இரண்டாம் நாள் பவளக்கா எனக்குப் போன் எடுத்தார். "பிள்ளை, ஒருக்கா வந்துட்டுப் போ." காரணம் சொல்லவில்லை. நான் நடந்து போகவில்லை, ஓடினேன் என்றே சொல்ல வேண்டும்.

ஐந்து பழம் சிவந்திருந்தது. நான் ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றிலும் கறுப்பில்லை. பவளக்கா ஐந்தையும் பறித்துக் குசினிக்குக் கொண்டுபோய், மிளகும் உள்ளிப்பூண்டும் தட்டிப்போட்டு ரசம் வைத்தார். முதல் கிளாஸ் சங்கீதாவுக்கு, இரண்டாவது எனக்கு. மூன்றாவதைத் தான் குடித்துப் பார்த்தார்.

"நல்ல புளியடி," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே மேசையடியில் உட்கார்ந்துவிட்டார். நானும் அழுதேன். சங்கீதா எங்கள் இருவரையும் பார்த்து, "யூ டூ ஆர் மேட்," என்று சொல்லி இன்னொரு கிளாஸ் கேட்டாள். பதினொரு நாள் கழித்துப் பெண் பிள்ளை பிறந்தது, சுகப் பிரசவம்.

அந்த ஓகஸ்ட் கடைசியில் மழை பிடித்து, கிழக்கு லண்டன் முழுக்கத் தக்காளியில் கருகல் நோய் விழுந்தது. இனிப்பு இனம் நட்டவர்கள் பச்சைக் காயோடு செடியைப் பிடுங்கி எறிந்தார்கள். எங்கள் வீடுகளில் முக்கால்வாசிக்கு மேல் பறித்து முடிந்திருந்தது. மார்கரெட்டுக்கு ஒரு பிளாஸ்கில் பதினேழு போட்ட சொதி கொண்டுபோனேன். நின்றபடியே குடித்தார். மூடியை நீட்டி இன்னும் கொஞ்சம் என்றார். அடுத்த வருடம் ருசி அட்டையில் இரண்டு கட்டம் இருந்தது, ஒன்று பச்சையாக, ஒன்று சமைத்து. பண்ணையில் இன்றைக்கும் அந்த அட்டைதான். அதற்குக் காரணம் நான்.

மறு வருடம் சித்திரை வந்தது. வருசப் பிறப்புக்கு ஒரு கிழமை முன்பே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கன்று இல்லை என்றேன். முணுமுணுத்தார்கள். பவளக்கா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து மேசைக்கு முன்னால் நின்றார்.

"அப்ப வருசத்துக்கு நான் பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது?"

"விதை குடுங்கோ அக்கா. வருசத்தண்டு நல்ல நேரத்துக்கு, வீட்டுக்குள்ளை, ஒரு சின்னச் சட்டியிலை போடுங்கோ. ஜன்னலிலை வையுங்கோ. ஜூன் பிறக்கத்தான் வெளியிலை."

"அது பிந்தாதே?"

"இது பதினேழு. பிந்தாது."

பவளக்கா பேத்தியை மற்ற இடுப்புக்கு மாற்றினார். பிறகு திரும்பி, பின்னால் நின்றவர்களிடம், "அவள் சொல்லுறதைக் கேளுங்கோ," என்றார். அவ்வளவுதான். எல்லோரும் விதை வாங்கிக்கொண்டு போனார்கள். மார்கரெட் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இந்த ஊருக்கு அந்த நாள் சரியாகவே பொருந்துகிறது என்றார். அந்த இனத்தின் விளக்கப் பலகையில் 'ஏப்ரல் 14 அன்று வீட்டுக்குள் விதைக்கவும்' என்று ஆங்கிலத்தில் தன் கையால் எழுதி வைத்தார். அவர் ஓய்வுபெற்ற பிறகு கூடம் என் பொறுப்புக்கு வந்தது. பலகையை நான் மாற்றவில்லை.

போன மாதம் பூச்செடியோடு காசு கொடுக்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு ஆங்கிலேய முதியவர். அவர் கூடையில் பதினேழின் விதைப் பொட்டலம் இரண்டு இருந்தது. நல்ல இனம் என்றேன், வாய் சும்மா இருக்காதே.

"மிக நல்லது," என்றார். "ஆனால் கவனம், ஏப்ரல் பதினாலாம் திகதிதான் விதைக்க வேண்டும். முந்தியும் கூடாது, பிந்தியும் கூடாது. நாங்கள் எங்கள் தெருவில் எல்லோரும் அன்றைக்குத்தான் விதைக்கிறோம்."

"ஏன் பதினாலு?" என்று கேட்டேன்.

"ஏன் என்று யாருக்கும் தெரியாது," என்றார். "ஆனால் ஒரு வருடமும் தவறியதில்லை."